உடைந்தால் எங்கள் பம்பு

"அது உங்க பம்பு. நீங்கதான் பாத்துக்கணும். எல்லாத்துக்கும் கவர்மெண்டையே எதிர்பாத்துக்கிட்டு இருந்தா எப்படி?" என்று கிராம சபையில் மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள் அய்யா. பின்வரிசையில் நாலு பேர் கைதட்டினார்கள். தட்டினவர்களில் ஒருவர் வீட்டிலும் அந்தப் பம்புத் தண்ணீர் புழங்குவதில்லை. புழங்குகிற நாங்கள் தரையில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள் "அடுத்த தீர்மானம்" என்று போய்விட்டீர்கள். அன்றைக்குத் தொண்டையில் நின்றது இன்னும் இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பம்பு என்றால், அதைக் கழற்றும் சாமான்கள் ஏன் ஒன்றிய அலுவலக ஸ்டோர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன? எங்கள் பம்பு என்றால், அதன் பராமரிப்புக்கென்று எடுக்கும் பணத்துக்கு யார் யாரோ கையெழுத்துப் போடுகிறார்களே, அதில் எங்கள் தெருக்காரர் கையெழுத்து ஒன்றாவது உண்டா? காசு உங்களிடம். சாமான் உங்களிடம். ஆள் உங்களிடம். எங்களிடம் இருப்பது தண்ணீர் வராத ஒரு கைப்பிடி.

ராமநாதபுரம் மாவட்டம், கடலுக்கு அதிக தூரமில்லாத ஒரு கிராமம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் மறுநாள் காலையில் யார் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் காலனித் தெரு. பத்தாவது வரை படித்தவள். மகளிர் குழுவில் ஊக்குநர், கணக்கு நோட்டு எழுதுகிறவள். எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. இந்தப் பழக்கம்தான் எனக்கு இவ்வளவு பகையைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

எங்கள் பக்கத்து மண்ணை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே தோண்டினால் தண்ணீர் வராமல் இல்லை. வாயில் வைத்தால் கரிக்கும். அதில் பருப்பு வேகாது. நல்ல தண்ணி என்றால் ஊரணித் தண்ணிதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து ஊரணி நிறைந்தால், அந்தத் தண்ணீர் கரைக்கு அடியில் மெல்ல இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே தனியாகத் தங்கும். உப்புத் தண்ணி கனம், நல்ல தண்ணி கனம் குறைவு. இரண்டும் சட்டென்று கலக்காது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கோடை வரைக்கும் தாங்கும். ஊரணியின் தென்கரையில் நிற்கும் எங்கள் அடிபம்பு அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறது. வடகரையில் இன்னொரு பம்பு இருக்கிறது. அது ஊருக்கு. "அங்க போய் அடிச்சா என்ன, யாரு கையப் பிடிச்சா?" என்று கேட்கும் டவுன்காரர்கள் ஒரு நாள் எங்களோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பாருங்கள்.

எங்கள் அப்பத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் அந்த ஊரணியில் கால் நனைக்கக் கூடாது. கரையில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனம் வந்து மொண்டு ஊற்றினால் உண்டு. தென்கரையில் பம்பு நட்ட பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் யாரையும் கேட்காமல், யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்தார்கள். உங்கள் ரெஜிஸ்தரில் அது ஒரு எண். எங்களுக்கு அது என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் பம்பு எங்கிருந்து வந்தது என்று உங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் இன்ஜினியர் தம்பிகளுக்கே தெரியவில்லை. எனக்கு அப்பா சொல்லிக் கொஞ்சம் தெரியும். குழுப் பயிற்சிக்குப் போன இடத்தில் மிச்சம் கேட்டேன். முதலில் நட்டவை வார்ப்பிரும்புப் பம்புகள். வெளிநாட்டில் ஒரு குடும்பம் தன் வீட்டுக் கொல்லையில் வைத்து அடிப்பதற்காகச் செய்ததைப் பார்த்துச் செய்தவை. இங்கே விடியலிலிருந்து இருட்டும் வரை ஊரே அடித்தது. தாங்குமா? 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது நட்டதில் முக்கால்வாசி ஓடவில்லை. அதற்குப் பிறகுதான் சோலாப்பூர் பக்கம் உருவான பம்பின் அமைப்பை எடுத்துக்கொண்டு, யுனிசெஃப் துணையோடு, சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையில் புதுப் பம்பு செய்தார்கள். கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் நட்டுச் சோதித்தார்கள். அதுதான் இந்தியா மார்க் 2. ஆப்பிரிக்கா வரைக்கும் போன பம்பு.

பம்போடு நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்வதற்கான மூன்றடுக்கு ஏற்பாடும் இதே தமிழ்நாட்டில்தான் உருவானது. பம்புக்கு ஒரு பொறுப்பாளர், அந்த ஊர்க்காரர். ஒன்றியத்தில் நூறு பம்புக்கு ஒரு மெக்கானிக். மாவட்டத்தில் ஐந்நூறு பம்புக்கு ஒரு வண்டி, அதில் ஆட்களும் சாமான்களும்.

எங்கள் பம்புக்கு அப்பாதான் பொறுப்பாளர். ஸ்பானரும் ஒரு டப்பா கிரீசும் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. செயினுக்குக் கிரீஸ் தடவ வேண்டும், நட்டு போல்ட்டு இறுக்க வேண்டும், மேடையைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் விட வேண்டும், கெட்டுப்போனால் ஒன்றியத்துக்குத் தபால் கார்டு போட வேண்டும். (கிரீஸ் தடவியதும் மேடை கழுவியதும் உண்மையில் எங்கள் அம்மா. நோட்டில் அப்பா பெயர் இருந்தது, அவ்வளவுதான்.) ஆனால் கார்டு போட்டால் ஆள் வந்தார். தாமதமாக வந்திருக்கிறார், சிடுசிடுத்துக்கொண்டே வந்திருக்கிறார், ஆனாலும் வந்தார். அவருக்கு முடியாவிட்டால் வண்டி வந்தது. அப்பாவால் கூலி வாங்காமல் அந்த வேலையைச் செய்ய முடிந்தது என்றால், அவருக்குப் பின்னால் கூலி வாங்கிக்கொண்டு இரண்டு அடுக்கு நின்றதால்தான்.

எங்கள் ஒன்றியத்தில் அந்த மெக்கானிக் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. வண்டி ஷெட்டில் நின்று துருப்பிடித்தது. மேலே இருந்த இரண்டு அடுக்கையும் உருவிக்கொண்டு, கீழே கூலியில்லாத அடுக்கை மட்டும் எங்களுக்குக் காட்டி, "உங்க பொறுப்பு" என்கிறீர்கள். எங்கள் அப்பாவின் ஓசி உழைப்பு மட்டும் உங்களுக்கு மறக்கவில்லை பாருங்கள்.

நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தை முதலில் கேளுங்கள்.

ஒரு தேர்தல் நேரத்தில் "அடிச்சு அடிச்சு ஏன் கஷ்டப்படுறீங்க, மோட்டார் போட்டுத் தர்றோம்" என்று வந்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தெருவில் இருந்த கிழவி ஒருத்தி கையைப் பிடித்துத் தடுத்தாள்: "மோட்டார் வேணாம்யா, உப்பு ஏறிரும்." சிரித்தார்கள். பம்பின் தலையைக் கழற்றி ஓரத்தில் போட்டுவிட்டு, அதே குழியில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி, பக்கத்தில் மேடை கட்டி சின்டெக்ஸ் தொட்டி வைத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர். பொய் சொல்ல மாட்டேன், முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையால் அடித்தால் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் வரும். அந்தக் கணக்குக்கு மேலே இருந்த நல்ல தண்ணி ஈடுகொடுத்தது. மோட்டார் அதைப்போல் பல மடங்கு உறிஞ்சியது. மேலே நல்ல தண்ணி குறையக் குறைய, கீழே இருந்த உப்பு கூம்பாக மேலே ஏறும் என்று பிற்பாடு ஒரு பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள். கிழவி படம் பார்க்காமலே சொன்னதுதான். அந்தக் கோடை தாண்டுவதற்குள் டீத்தண்ணி திரிந்தது. கரண்டு ஏற்ற இறக்கத்தில் மோட்டார் காயிலும் எரிந்தது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்ப வரவில்லை. நாங்கள் போராடிப் பம்புத் தலையைத் திரும்ப மாட்ட வைத்தோம். அடுத்த மழைக்குப் பிறகுதான் வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் வந்தது. சின்டெக்ஸ் தொட்டி இன்னும் நிற்கிறது, பெயர் பலகையோடு.

அப்புறம் செயின் கதை. இதைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்கும்.

கைப்பிடியையும் உள்ளே போகும் ராடையும் இணைப்பது ஒரு செயின். அது இல்லாவிட்டால் பம்பு வெறும் இரும்பு. பங்குனி மாதம், ஊரணி வற்றிக் கிடந்த நேரம், வடகரைப் பம்பில் செயின் அறுந்தது. ஒன்றியத்தில் கேட்டிருக்கிறார்கள், ஸ்டாக் இல்லையாம். மத்தியானம், தெருவில் எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்த சமயம், இரண்டு பேர் வந்து எங்கள் பம்பின் மூடியைத் திறந்து செயினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் நாங்கள் குடத்தோடு போனால் கைப்பிடி தொங்குகிறது. வடகரையில் தண்ணீர் அடிக்கும் சத்தம் இந்தக் கரைக்குக் கேட்கிறது. கேட்கப் போனோம். "அங்க முந்நூறு வீடு, இங்க நாப்பது வீடு. புது செயின் வந்ததும் உங்களுக்குத்தான் மொதல்ல" என்றார்கள். புது செயின் வந்தது. எப்போது? ஆடி முடிந்து. பங்குனியிலிருந்து ஆடி வரை ராமநாதபுரத்தில் தண்ணீர் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று தெரியுமா அய்யா?

தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போக வேண்டும். கண்மாய்க்குள் ஆள் உயரத்துக்கு ஊத்துத் தோண்ட வேண்டும். ஒருத்தி உள்ளே இறங்கிச் சிரட்டையால் வழித்து வழித்து ஊற்ற, மேலே ஒருத்தி வாங்கித் துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் உள்ளே இருப்பவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். ஊத்து ஊற நேரம் வேண்டும், அதனால் ராத்திரியே போய் இடம் பிடிக்க வேண்டும். என் மதினி மகள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு குழிக்குள் இறங்கினாள். வேண்டாம் என்றால், "அத்தே, எல்லாரும் எறங்குறாக, நான் மட்டும் மேல நின்னா நல்லாவா இருக்கும்" என்கிறாள். போக முடியாதவர்கள் டிராக்டர் தண்ணீரை விலைக்கு வாங்கினோம். குடம் பத்து ரூபாய், அவன் வைத்ததுதான் விலை. அந்த நாலு மாதத்தில் எங்கள் குழுவில் வாங்கிய கடன்களுக்குக் காரணம் என்று நோட்டில் "தண்ணீர்" என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் தெரியுமா? வங்கி மேலாளர், "தண்ணிக்கா கடன் வாங்குனீங்க?" என்று ஆச்சரியப்பட்டார்.

ஒரு செயினுக்காக.

அது போய், ஒன்றரை வருஷம் கழித்து வாசர் தேய்ந்தது. எனக்கு அடிக்கும்போதே தெரியும். நாலைந்து அடிக்குப் பிறகு தண்ணீர் வந்தால் அடிவால்வு கசிகிறது என்று அர்த்தம். எவ்வளவு அடித்தாலும் கைப்பிடி லேசாகப் போய்வந்தால் வாசர் போய்விட்டது, இல்லை ராடு அறுந்துவிட்டது. மார்க் 2 பம்பில் உள்ள கொடுமை, உள்ளங்கை அகல ரப்பர் வாசரை மாற்றுவதற்கு உள்ளே இருக்கிற அத்தனை பைப்பையும் மேலே தூக்க வேண்டும். மூன்று மீட்டர் நீளத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கி, கிளாம்பு போட்டுப் பிடித்து, மறை கழற்றி, அடுத்ததைத் தூக்க வேண்டும். கிளாம்பு கைநழுவினால் எல்லாம் குழிக்குள் போய்விடும். அதற்கென்று மூணு கால் ஸ்டாண்டு, தூக்கும் ஸ்பானர் எல்லாம் உண்டு. எல்லாம் பூட்டின அறையில். இதிலும் ஒரு விஷயம் கேளுங்கள். பைப்பைத் தூக்காமல் வாசரை மட்டும் உருவி எடுக்கிற மாதிரி மார்க் 3 என்று ஒரு பம்பை எப்போதோ செய்துவிட்டார்கள். ஊர்ப் பெண்களே பழுது பார்க்கட்டும் என்ற எண்ணத்தில் செய்தது அது. பராமரிப்பு எங்கள் பொறுப்பு என்று இவ்வளவு அக்கறையாகச் சொல்கிற நீங்கள், எங்களால் பராமரிக்க முடிகிற அந்தப் பம்பை ஏன் எங்களுக்குப் போடவில்லை?

மனு கொடுத்தோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு, "சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலர் யார் மேல் மனு கொடுத்தோமோ அவரேதான்.

கடைசியில் வீட்டுக்கு இவ்வளவு என்று குழுவில் வசூல் பண்ணினோம். கொடுக்க முடியாதவர்களுக்குச் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டோம். டவுனிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தோம், சாமான் வாடகைக்கு எடுத்தோம். எங்கள் தெரு ஆம்பளைகள் கயிறு பிடித்தார்கள், பெண்கள் பைப்பைத் துடைத்து மறைக்குக் கிரீஸ் வைத்தோம். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கொட்டியது. தேங்காய் உடைத்தோம்.

மறுநாள் உங்கள் ஆள் வந்தது. "கவர்மெண்ட் சொத்துல யாரக் கேட்டுக் கைய வச்சீங்க? உள்ள பைப்பு விழுந்திருந்தா யாரு பொறுப்பு? கேசு போட்டா எத்தனை பேரு உள்ள போவீங்க தெரியுமா?"

தண்ணீர் வராதபோது அது எங்கள் பம்பு. தண்ணீர் வந்த மறுநாள் அது கவர்மெண்ட் பம்பு.

இதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். வாயில் போட்டு மென்று விழுங்குகிற பழக்கம் எங்களுக்குப் பரம்பரையாக உண்டு. ஆனால் அடுத்த கிராம சபையில் வரவு செலவு வாசித்தீர்களே, அதில் "காலனி தென்கரை கைப்பம்பு பழுதுபார்ப்பு" என்று ஒரு செலவு வந்தது. மாதம் எங்கள் மாதம். வேலை எங்கள் வேலை. தொகை மட்டும் எங்கள் தொகையைப்போல் மூன்று மடங்கு. எழுந்து கேட்டேன். "அது வேற வேலைம்மா, டெக்னிக்கல், உனக்குப் புரியாது" என்றார்கள். எனக்குப் புரியாதா? எத்தனை பைப்பு, எந்த வாசர், கூலி எவ்வளவு, கயிறு வாடகை எவ்வளவு, டீச் செலவு எவ்வளவு என்று பில்லோடு என் நோட்டில் இருக்கிறது. உங்கள் பில்லைக் காட்டுங்கள் என்றேன். மைக் அணைந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஊராட்சியில் கிராம நீர் மற்றும் துப்புரவுக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். பாதிக்குப் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினர் பட்டியலை வாசித்தார்கள். அதில் என் பெயர்! என்னிடம் யாரும் கேட்கவில்லை, ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. ஆனால் கூட்டம் நடந்ததாகவும் நான் ஒப்புக்கொண்டதாகவும் தீர்மானம் இருக்கிறது. எங்கள் தெருப் பம்பு கெட்டதற்கு "சமுதாயம் பொறுப்பேற்கவில்லை" என்று நானே தீர்மானம் போட்டிருக்கிறேன் போல. என் பெயரை வைத்தே என்னைக் குற்றவாளியாக்கியிருக்கிறீர்கள்.

குழாய் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு அடிபம்பு என்று கேட்பீர்கள். வந்தது. 2019 ஆகஸ்ட் 15இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தூண் நட்டுக் குழாய் மாட்டினார்கள். ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்றார்கள். மக்கள் பங்குத்தொகை என்று வசூலும் செய்தார்கள். திருச்சியில் காவிரியிலிருந்து கிளம்பும் கூட்டுக் குடிநீர், வழியில் உள்ள ஊரெல்லாம் குடித்தது போக எங்கள் ஊருக்கு வந்து, ஊருக்குள் மேட்டுத்தெரு குடித்தது போக எங்கள் தெருவுக்கு வர வேண்டும். வருகிற நாளில் அரை மணி. வராத நாளில் குழாயில் ஆடு கட்டுகிறோம். தொட்டி ஆபரேட்டர் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. விடியக்காலையிலும் ராத்திரியிலும் வால்வைத் திருப்ப ஓடும் அவனுக்கு நீங்கள் கொடுக்கும் காசு சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காணாது. ஊர்க்காரர் திட்டும் திட்டு மட்டும் முழுசாக அவனுக்கு.

தொட்டித் தண்ணீர் பற்றி இன்னொரு பயமும் எங்களுக்கு உண்டு, அதையும் வாய்விட்டே சொல்கிறேன். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், எங்களைப் போன்றவர்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. அந்தச் செய்தி வந்த பிறகு, எங்கள் தெருப் பெண்கள் பல மாதம் குழாய்த் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே பயந்தார்கள். அடிபம்பில் யாரும் ஏறி எதையும் போட முடியாது. மண்ணுக்கு அடியிலிருந்து நேரே குடத்துக்கு வருகிறது. இந்த நிம்மதிக்கு உங்கள் எஸ்டிமேட்டில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு போடுவீர்கள்?

நாங்கள் சரி செய்த பம்பு ஒரு வருஷம் ஓடியது. இப்போது திரும்ப நின்றுவிட்டது. இந்த முறை வாசர் இல்லை, பைப்பு. கால்வனைஸ் பைப்பு எங்கள் உப்பில் எத்தனை நாள் தாங்கும்? துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அடித்தால் செங்கல் நிறத்தில் கொஞ்சம் கக்கிவிட்டு நிற்கிறது. பைப்பு எல்லாம் மாற்ற வேண்டும். அதற்கு எங்கள் குழுச் சேமிப்பு முழுவதையும் வழித்துப் போட்டாலும் பற்றாது. துருப்பிடிக்காத பைப்பு கடையில் இருக்கிறது என்று டவுன் மெக்கானிக்கே சொன்னார். கடலோரத்துக்கும் அதே பைப்பு, மலையோரத்துக்கும் அதே பைப்பு என்று ஒரே எஸ்டிமேட் போடுகிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இந்த நிலையில்தான் மைக்கைப் பிடித்து அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்.

யாரிடம் முறையிடுவது? 1994ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டம், குடிநீர் கொடுப்பதும் அதற்கான கிணறு, பம்புகளைப் பராமரிப்பதும் ஊராட்சியின் கடமை என்கிறது. ஊராட்சித் தலைவரைக் கேட்டால் நிதி இல்லை, ஒன்றியத்தைக் கேள் என்பார். ஒன்றியம், குடிநீர் வாரியத்தைக் கேள் என்னும். வாரியம், அடிபம்பு எங்கள் வேலை இல்லை, ஊராட்சியிடம் ஒப்படைத்தாகிவிட்டது என்னும். அந்தத் தலைவராவது எங்கள் ஓட்டுக்கு ஒரு நாள் வர வேண்டியவர். 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர் வந்தார். 2016இலிருந்து 2019 வரைக்கும் இப்படித்தான் தேர்தல் இல்லாமல் ஓட்டினீர்கள். ஒரு அலுவலருக்குக் கீழே எத்தனையோ ஊராட்சி. அவருக்கு எங்கள் தெரு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் மாற்றலாகிவிடுகிறார்.

காலிக் குடத்தோடு ரோட்டில் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தோம். தாசில்தார் வந்தார், போட்டோ எடுத்தார்கள், சாயங்காலமே லாரியில் தண்ணீர் வந்தது. இரண்டு நாள் வந்தது. அப்புறம் போட்டோ பேப்பரில் வந்ததோடு சரி.

"பொம்பளைங்க பம்பு கழட்டப் போறீங்களா?" என்று ஒருவர் சிரித்தார். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா என்று ஒரு மாவட்டம். எங்களைப் போலவே வறண்ட பூமி, எங்களைப் போலவே ஒதுக்கி வைத்த சாதிப் பெண்கள். 1990களில் மகிளா சமக்யா என்ற அரசுத் திட்டத்தில் பயிற்சி எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இதே மார்க் 2 பம்பைக் கழற்றி மாட்டினார்கள். நான் பத்தாவது படித்தவள். நாங்கள் செய்ய மாட்டோம் என்று சொல்லவில்லை அய்யா, செய்து காட்டிவிட்டோம். செய்ததற்குத்தான் மிரட்டினீர்கள்.

பொறுப்பு எங்களுக்கு என்றால் முழுசாகக் கொடுங்கள். ஸ்டோர் அறையில் இருக்கும் ஸ்டாண்டையும் கிளாம்பையும் ஸ்பானரையும் எங்கள் குழு வசம் எழுதிக் கொடுங்கள். உப்புக்குத் தாங்கும் பைப்பைப் போட்டு, பைப்பைத் தூக்காமல் வாசர் மாற்றுகிற பம்பை நட்டுக் கொடுங்கள். அதைப் பார்த்துக்கொள்கிற இரண்டு பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். எங்கள் அப்பாவிடம் வாங்கிய ஓசி வேலை போதும். பராமரிப்புக்கு எடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். முடியாது, அதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்றால், நல்லது, அரசாங்கம் வந்து செய்யட்டும். அப்போது மைக்கைப் பிடித்து எங்களைக் குறை சொல்லாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு பாக்கி இருக்கிறது. வாசர் மாற்ற நாங்கள் வீட்டுக்கு வீடு வசூலித்துப் போட்ட பணம், நீங்கள் செலவு செய்ததாக வாசித்த அதே வேலைக்கான பணம், எங்கள் குழு நோட்டில் "வரவேண்டியது" என்ற தலைப்பில் நிற்கிறது. மாதக் கணக்கு முடிக்கும்போதெல்லாம் அந்த வரியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய் எழுதுகிறேன். அந்தப் பில்லில் கையெழுத்துப் போட்டது யார்? பெயரைச் சொல்லுங்கள், நான் நேரில் போய் வசூல் பண்ணிக்கொள்கிறேன்.